இருபத்து மூன்றாம் எண்ணின் மதியம்

நவம்பர் 11, திங்கள்

இல்லை, பெயர் கூப்பிடவில்லை. இங்கே மதியத்தில் யாரும் பெயர் கூப்பிடுவதில்லை. காலையில் ஒரு சாய்கோடு, கையோடு மதியத்துக்கும் எதிர்ப்பக்கம் ஒன்று. வருகை ரிஜிஸ்டர் முழுக்கப் பெருக்கல் குறிகள். ஜூனில் வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து வகுப்பு டீச்சர் சொல்லிக்கொடுத்தது: "மத்தியானம் நாலஞ்சு பொண்ணுங்க தறிக்கு நூல் சுத்த வீட்டுக்குப் போயிடும்மா. கூப்ட்டா ஆப்சென்ட் போடணும், இன்ஸ்பெக்‌ஷன்ல கேப்பாங்க. ஒண்ணாப் போட்டுடு." போட்டேன். பி.டி. ஆசிரியர் படிப்பில் இதற்குப் பாடம் இல்லை.

ரிஜிஸ்டரில் எண் இருபத்து மூன்று, செல்வி. ஆறாம் வகுப்பு. பதினோரு வயது. போன வியாழன் மாலை குளத்திலிருந்து எடுத்தார்கள். பள்ளி விட்டுப் போகும்போது வழுக்கியிருக்கும் என்று ஊர் சொல்கிறது. ரிஜிஸ்டரும் அதையே சொல்கிறது.

காலையிலிருந்து தூறல். இன்று காலை வருகைக்கு எஸ்தர் பெயர் கூப்பிட்டாள். பயிற்சிப் பள்ளி மாணவி, தென்னேரிக்காரி, என்னைவிட மூன்று வயது சின்னவள். போன வாரம் முதல் என் வகுப்பில். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் நடத்துவதைக் குறிப்பெடுப்பாள், சில பாடம் அவளே நடத்துவாள். இருபத்திரண்டோடு நிறுத்தத் தெரியவில்லை அவளுக்கு. "செல்வி" என்றுவிட்டாள்.

இரு வகுப்புக்கும் நடுவிலுள்ள மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் "உள்ளேன் டீச்சர்."

ஏழாம் வகுப்பிலும் ஒரு செல்வி. அங்கேயும் அதே நேரம் பெயர் கூப்பிடுகிறார்கள். தெரியும். முப்பத்தேழு தலைகளும் தட்டியைத் திரும்பிப் பார்த்தன. நானும்.

வாங்க வேண்டியவை: சிவப்பு மை, குடைக்கம்பி, தலைவலித் தைலம். அம்மாவுக்குக் கடிதம். என்ன எழுதுவது?

செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம். ரசத்தில் உப்பு இல்லை, சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

முதல் பீரியடுக்கு முன் மூன்றாம் பெஞ்சில், செல்வியின் இடத்தருகே, சத்தம்.

"அங்க ஒக்காராதடி, காய்ச்சல் வரும்."

"நீதான்டி அவ பென்சிலைத் திருடினவ. உன்னாண்டதான் வந்து கேப்பா."

"திருடல. அவளே குடுத்தா."

பென்சில் அந்த இடத்தில் வைக்கப்பட்டது. நாள் முழுக்க யாரும் தொடவில்லை.

மதியம் ஜன்னலில் செல்வியின் அம்மா. வெள்ளிக்கிழமை துக்கம் கேட்கப் போயிருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், கடைசியாக வகுப்பில் என்ன செய்தாள் என்று. ஏதாவது சொல்லவேண்டுமே. போர்டில் கணக்குப் போட்டாள் என்றேன். இன்று மேலும் வேண்டுமாம்.

"இன்னா கணக்கு டீச்சரம்மா?"

"பின்னம்."

"ரைட்டா போட்டாளா?"

"சரியாப் போட்டா."

"சிரிச்சிக்கினு இருந்தாளா?"

"இருந்தா."

ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டாள். பிறகு பெரிய பெண்ணைப் பற்றி. "நாலு மணிக்கு மல்லிகாவத்தான் போய் இட்டுக்கினு வரச் சொன்னேன். பத்து நிமிஷம் லேட்டா போய்க்கீறா. அந்தப் பத்து நிமிஷத்துலதான்... அவுங்கப்பா அவ மூஞ்சியப் பாக்கறதில்ல. அவளும் சோறு தொடல. அன்னிக்கு மழையில பாவு நூலு நனைஞ்சி தறியெல்லாம் நின்னுபோச்சு. வேலையா, வெட்டியா? வேளைக்குப் போறதுக்கு இன்னா கேடு?"

தறி நின்றிருந்தது.

போன வியாழன் மதியம் மூன்றாம் பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தேன். நூல் சுற்றப் போயிருப்பாள் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட மிகை. கண் அங்கே போனது, திரும்பி வந்தது. மழை நாளில் நூல் சுற்றும் வேலை கிடையாது என்பது இந்த ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். நான் மதராஸிலிருந்து வந்தவள்.

மல்லிகா வந்த நேரம் எதையும் மாற்றியிருக்காது. ஒன்றரை மணிக்கு நான் பெயர் கூப்பிட்டிருந்தால்?

புதன்

தலைமையாசிரியை பெரிய டீச்சரிடம், அன்று மதியம் செல்வி வகுப்பில் இல்லை என்று சொன்னேன். கதவைச் சாத்தினார்.

"யாராண்டயாவது சொன்னியா?"

"இல்லை."

"போலீஸ்ல வந்து ரிஜிஸ்டரைப் பாத்து எழுதிக்கினு போயிட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் பொண்ணு கிளாஸ்ல இருந்துது. அவ்ளோதான். நீ இப்ப மாத்திச் சொன்னா அந்தப் பொண்ணு வந்துடுமா? உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல, ஞாபகம் வெச்சுக்கோ." பிறகு, மெதுவாக: "காபி சாப்பிடறியாம்மா?"

சாப்பிட்டேன். நல்ல காபி.

வியாழன்

ஒரு வாரம். பலத்த மழை. குழந்தைகள் ஈரப் பாவாடையோடு. மதியம் எண்ணிப் பார்த்தேன்: முப்பத்தேழு. தறிகள் நின்றிருக்கும். யாரும் போகவில்லை.

எஸ்தரின் பயிற்சி நாளையோடு முடிகிறது. குறிப்பு நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் வகுப்பாசிரியர் கையெழுத்து வேண்டும், இல்லாவிட்டால் பயிற்சிப் பள்ளியில் ஏற்கமாட்டார்கள். மற்ற பக்கங்களைக் காட்டிவிட்டு ஒன்றை மட்டும் கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் படித்தேன்.

"7.11. மதியம் 1.30. கணிதம், பின்னம். மாணவியர் 37. மூன்றாம் பெஞ்சில் ஓரிடம் காலி (செல்வி, காலையில் இருந்தாள்). வருகை கூப்பிடப்படவில்லை."

அழகான கையெழுத்து. அடியில் நான் கையெழுத்திட ஒரு கோடு.

"கிழிச்சா தெரியும் டீச்சர், பேஜ் நம்பர் இருக்குது. மேல வேற தாள் ஒட்டிடலாம். ஒட்டட்டுமா?"

"நீ என்ன சொல்றே?"

"நான் பாத்ததைத்தான் எழுதினேன்." பிறகு, "நானும்தான் வாயத் தொறக்கல டீச்சர். எடம் காலின்னு எழுதத் தெரிஞ்சுது, எழுந்து கேக்கத் தெரியல."

நோட்டை என்னிடமே விட்டுப் போனாள். அறையில், பாடப் புத்தகங்களுக்கு அடியில் வைத்திருக்கிறேன். அடியில் இருப்பது தெரிகிறது.

வெள்ளி

தூறல். இரண்டாம் பீரியடில் கையெழுத்துப் போட்டேன். எல்லாப் பக்கத்திலும். ஏழாம் தேதிப் பக்கத்தில் பேனா எழுதவில்லை, உதறி மறுபடி போட்டேன். எஸ்தர் பார்த்தாள், நோட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு மணி அடித்ததும் செல்வி வீட்டுக்கு. எஸ்தரும் தெருமுனை வரை வந்தாள். "நானும் வரட்டா?" வேண்டாம் என்றேன்.

தறி ஓடவில்லை. அப்பா தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அம்மா பாயில். மல்லிகா சுவரைப் பார்த்துக்கொண்டு. பதினைந்து வயது இருக்கும். மணிக்கட்டு குச்சி போல.

நின்றுகொண்டே சொன்னேன். அன்று மதியம் செல்வி வகுப்பில் இல்லை. நான் பெயர் கூப்பிடவில்லை. காலையிலேயே கோடு போட்டுவிட்டேன். மல்லிகா நேரத்துக்கு வந்திருந்தாலும் அவள் அங்கே இருந்திருக்கமாட்டாள்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. மெல்லத் திரும்பி, ஒரு வாரத்தில் முதல் தடவையாக இருக்கவேண்டும், மல்லிகாவைப் பார்த்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டாள்.

அம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்தக் கணக்கு?"

"அதுவும் இல்லம்மா."

"சிரிச்சிக்கினு இருந்தான்னியே."

வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, குடையை விரிக்காமல், இங்கே சொல்லிவிட்டதைச் சொல்லப் பெரிய டீச்சர் வீட்டுக்கு நடந்தேன்.