சலவைக்கடையின் புதுப் பலகை

பிப்ரவரி 3

மதிப்பிற்குரிய வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

இப்படி ஆரம்பித்ததற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். எட்டு வருஷம் அண்ணி என்று கூப்பிட்ட வாய்தான். ஆனால் நீங்களும் அண்ணனும் பிரிந்து இரண்டரை வருஷம் ஆன பிறகு எனக்கு என்ன உரிமை மிச்சம் என்று தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் பழைய போன் எண் வேலை செய்யவில்லை. போன வாரம் ரொட்டி வாங்கிய பையின் அடியில் பொடி எழுத்தில் உங்கள் ஸ்டூடியோவின் முகவரி இருந்தது. அந்தத் துண்டை வெட்டி வைத்துக்கொண்டேன். ரொட்டி சுமார்தான். பை ரொம்ப நன்றாக இருந்தது.

நான் இப்போது சலவைக்கடை வைத்திருக்கிறேன். நீங்கள் போய் ஆறு மாதத்தில் திறந்தது. இரண்டு மெஷின், ஓர் இஸ்திரி மேஜை, இஸ்திரி போட ஒரு மாமா, கல்லாவில் நான். வேலை சுத்தம், அதில் யாரும் குறை சொன்னதில்லை. ஆனால் போன மாதம் எதிர்ச் சாரியில் ஒரு பெரிய கம்பெனி கண்ணாடிக் கதவோடு கிளை திறந்துவிட்டது. தெருவுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைத் தாண்டி நேரே அங்கே போகிறார்கள். நேற்று ஒரு பெண் என் வாசலில் நின்றுகொண்டே என்னிடம் கேட்கிறாள்: "ஏங்க, இங்க பக்கத்துல துணி துவைச்சுக் குடுக்கற கடை எங்க இருக்கு?"

கடைப் பலகையின் படத்தை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன். அண்ணன் ஆசையாகக் கம்ப்யூட்டரில் செய்து கொடுத்தது. பார்த்தால் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டு, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள். ஜூனில் கடையின் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பிப்பதா, மூடுவதா என்று அதற்குள் நான் முடிவு செய்தாக வேண்டும்.

இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்கலாமா கூடாதா என்று யோசித்தேன். கேட்டுவிட்டேன்.

இப்படிக்கு,
சலவைக்கடை உரிமையாளர்
(வீட்டில் சின்னவள்)


பிப்ரவரி 12

சலவைக்கடை உரிமையாளர் அவர்களுக்கு,

கடிதமும் படமும் கிடைத்தன. சிரிக்கவில்லை, எண்ணினேன். ஒரே பலகையில் ஏழு நிறம், நான்கு வகை எழுத்து, ஆவி விடும் இஸ்திரிப் பெட்டி, சோப்பு நுரை, கிரீடம், ராக்கெட், இரண்டு போன் எண்கள். "நியூ ராயல் ஸ்டார் எக்ஸ்பிரஸ் ட்ரை கிளீனர்ஸ்" என்று ஒருவர் படித்து முடிப்பதற்குள் அவர் உட்கார்ந்திருக்கும் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். இவ்வளவு இருந்தும் ஒரு சட்டை இல்லை.

பலகையை மாற்றும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். எதிர் நடைபாதையில், வெளிச்சம் மங்குகிற நேரத்தில் நின்று உங்கள் கடையைப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது எது என்று எழுதுங்கள். அடுத்து, ஒரு வாரம் கல்லாவில் ஒரு நோட்டு வையுங்கள். வருகிறவர்கள் போனில் வழி சொல்லும்போது உங்கள் கடையை என்ன சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள் என்று அவர்கள் வார்த்தையிலேயே குறியுங்கள். எதிர்க்கடையைப் பார்த்து மட்டும் எதையும் செய்யாதீர்கள். அவர்கள் மாதிரி இருக்கப் பார்த்தால், அசல் இருக்கும்போது நகல் எதற்கு என்று ஜனங்கள் அங்கேயே போய்விடுவார்கள்.

போன் வேண்டாம், கடிதமே போடுங்கள். போனில் எல்லோரும் "சரி சரி, நல்லாருக்கு" என்றுதான் சொல்கிறார்கள். எழுதும்போதுதான் மனதில் இருப்பது வெளியே வருகிறது.

நலமே.

இப்படிக்கு,
வடிவமைப்பாளர்


பிப்ரவரி 27

அன்புள்ள வடிவமைப்பாளர் அவர்களுக்கு,

"அன்புள்ள" நானாகச் சேர்த்துக்கொண்டது.

சொன்னபடி எதிரே போனேன். நிற்பதற்கு அந்தக் கண்ணாடிக் கடையின் வாசல்தான் தோதாக இருந்தது. உள்ளே இருந்து சீருடை போட்ட பெண் ஓடி வந்தாள்.

"வாங்க மேடம், என்ன துணி?"

"ஒண்ணுமில்லம்மா, சும்மா பாத்துக்கிட்டிருக்கேன்."

"எதை மேடம்?"

"எதிர்ல இருக்கற சலவைக்கடையை."

"எதிர்ல சலவைக்கடை இருக்கா?"

அவள் நக்கல் செய்யவில்லை, அண்ணி. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. ஒரு மாதமாக என் முகத்துக்கு நேரே நிற்கிறாள். எனக்கும் அங்கிருந்து ராக்கெட் ஒன்றுதான் தெரிந்தது. பட்டாசு விற்கிற கடை என்று நினைத்திருப்பாள், பாவம்.

(அண்ணி என்று வந்துவிட்டது. அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். இருக்கட்டும்.)

நோட்டு விஷயம். முப்பத்தாறு பேர் "மூலைக்கடை" என்றார்கள். மருந்துக்கடையையும் அப்படித்தான் சொல்கிறார்கள். ராயல் என்றோ ஸ்டார் என்றோ ஒருத்தர்கூடச் சொல்லவில்லை. ஆனால் பதினொரு பேர் "காலர் அக்கா கடை" என்றார்கள்! ஏன் என்று கேட்டேன். வெள்ளைச் சட்டையில் கழுத்து அழுக்கு அவ்வளவு சுலபத்தில் போகாது. நான் மெஷினில் போடும் முன்னால் ஒவ்வொரு காலரையும் கையால் தேய்த்துவிடுவேன். பாங்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் அதைக் கவனித்து வைத்த பெயராம். இரண்டு வருஷமாக எனக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

இஸ்திரி மாமாவைக் கேட்டேன். "எனக்குத் தெரியுமே" என்கிறார். "ஏன் மாமா சொல்லல?" என்றால், "நீ கேக்கலையே" என்கிறார்.

அன்புடன்,
காலர் அக்கா


மார்ச் 14

அன்புள்ள சின்னவளுக்கு,

என் வேலையை நீயே பாதி முடித்துவிட்டாய். இனிமேல் "நீங்கள்" போட எனக்குக் கை வரவில்லை.

கடையின் பெயர் "காலர்". அவ்வளவுதான். கீழே சின்னதாக "சலவை, இஸ்திரி". அக்கா வேண்டாமா என்று கேட்பாய். அதை ஜனங்களே சேர்த்துச் சொல்லிக்கொள்வார்கள். நாம் எழுதி வைத்தால் சொல்ல மாட்டார்கள்.

வெள்ளைப் பலகையில் கருநீலம், ஒரே நிறம். ஆனால் இப்போது அனுப்பியிருக்கும் சின்னம் கறுப்பு வெள்ளையில் இருக்கிறது. கறுப்பு வெள்ளையில் எடுபடாததை எந்த நிறமும் தூக்கிவிடாது. பெரிதாக ஒன்று, கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒன்று வரைந்திருக்கிறேன். துணியில் குத்தும் சீட்டிலும் அது தெரிய வேண்டும். பலகை, சீட்டு, பை, ரசீது எல்லாவற்றிலும் இது ஒன்றுதான் இருக்க வேண்டும். பூ, நட்சத்திரம் என்று எதையும் கூடச் சேர்க்காதே.

கடையின் புதுப் பெயர் தெரியாத ஐந்து பேரிடம் காட்டு. "நல்லாருக்கா?" என்று கேட்காதே, மரியாதைக்கு நல்லாருக்கு என்பார்கள். "இது என்ன?" என்று மட்டும் கேள்.

இன்னொன்று. இது வேலை இல்லை. நான் வீட்டை விட்டுப் புறப்பட்ட அன்றைக்கு, மழையில், இரண்டு பெட்டியோடு முக்கால் மணி நேரம் கேட்டுக்கு வெளியே வண்டிக்காக நின்றேன். மாடி ஜன்னலில் நீ நின்றாய். என்னைப் பார்த்தாய். பிறகு திரையை இழுத்துவிட்டாய். உன் அண்ணன் மேல்கூட எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை, இரண்டு பேரும் பேசித்தான் முடித்தோம். அந்தத் திரைதான் இன்னும் போகவில்லை. உன் முதல் கடிதம் வந்தபோது பதில் போடுவதா என்று மூன்று நாள் யோசித்தேன். மனதில் வைத்துக்கொண்டு உனக்கு வேலை செய்ய முடியாது. அதனால் எழுதிவிட்டேன்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 25

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதத்தைக் கல்லாவில் வைத்தே படித்தேன். மாமா ஒன்றும் கேட்காமல் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்.

உங்களைப் பார்த்தேன். குடையைக்கூட எடுத்துவிட்டேன். படியில் காலை வைத்தபோது, கீழே கூடத்தில் அண்ணன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டி உங்களுக்குக் குடை பிடிக்கப் போனால் அவனை நான் விட்டுக்கொடுத்தது போல ஆகிவிடும் என்று நினைத்தேன். திரும்பிப் போய்த் திரையை இழுத்தேன். ஒரு குடை பிடிப்பதில் யார் பக்கம் என்ற கேள்வியே இல்லை என்று எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. மறுநாளே புரிந்தது. ஆனால் வெட்கம், அண்ணி. நாள் ஆக ஆக வெட்கம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் கடைக்குப் பலகை வேண்டும் என்ற சாக்கு கிடைத்தது. பலகை வேண்டும் என்பது நிஜம்தான். ஆனால் அதற்காக மட்டும் எழுதவில்லை.

தப்புதான். மன்னியுங்கள். இதற்கு மேல் அலங்காரமாக எழுத எனக்குத் தெரியாது.

சின்னத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். உறையைப் பிரித்ததும், "ரெண்டு முக்கோணத்துக்கா ஒரு மாசம்?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன். ஐந்து பேரிடம் காட்டினேன். தபால்காரர் "காகிதக் கப்பல்" என்றார். பூக்காரம்மா "பறவை". இரண்டு பேர் "மலை". ஒரு ஸ்கூல் டீச்சர் மட்டும் "காலர் மாதிரி இருக்கு" என்றார். அவரும் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

உங்கள்
சின்னவள்


ஏப்ரல் 4

அன்புள்ள சின்னவளுக்கு,

ஐந்தில் ஒன்று என்றால் தப்பு என்னுடையது. எனக்குத் தெரிந்துவிட்டதால் எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். இரண்டு முக்கோணமும் சேரும் இடத்துக்குக் கீழே ஒரு சின்ன வட்டம் வைத்திருக்கிறேன். பட்டன். மறுபடியும் காட்டிப் பார்.

மற்றதற்கு: குடையை எடுத்தாய் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டது நல்லதாயிற்று. இனி அதைப் பற்றி நாம் இரண்டு பேரும் எழுத வேண்டாம். மனது லேசாக இருக்கிறது. இன்றைக்கு ஒரே உட்காரலில் உன் ரசீது, பை இரண்டையும் முடித்துவிட்டேன்.

பழைய பலகையை இறக்கும் முன் உன் அண்ணனிடம் நீயே சொல்லிவிடு. ஆசையாகச் செய்தவர் தெருவில் போகும்போது பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. யார் வரைந்தது என்றும் மறைக்காதே.

அன்புடன்,
அண்ணி


மே 6

அன்புள்ள அண்ணிக்கு,

பட்டன் வைத்ததும் எல்லாம் சட்டையாகிவிட்டது! தபால்காரர் "அட, காலருங்க இது!" என்று தானே கண்டுபிடித்த மாதிரி சொல்கிறார்.

அண்ணனிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. கடைக்கு வந்தவனிடம் உங்கள் தாளை நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தான்.

"யார் போட்டது?"

"அண்ணி."

தாளை மடித்து என்னிடமே கொடுத்தான். பிறகு, "அவ எப்பவுமே எதை எடுக்கலாம்னு பாப்பா. நான் இன்னும் என்ன வைக்கலாம்னு பாப்பேன்" என்றான். சிரித்த மாதிரிதான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனே ஏணி கொண்டுவந்து ஸ்க்ரூ எல்லாம் கழற்றினான். "ஏய், மெதுவா, மெதுவா, கிரீடம் உரசுது!" என்று என்னையும் மாமாவையும் விரட்டிக்கொண்டே இறக்கினான். தன் வீட்டுக்கே எடுத்துப் போய்விட்டான்.

புதுப் பலகை ஏறி இரண்டு வாரம் ஆகிறது. எதிர்க்கடைக் கூட்டம் முழுக்க இங்கே வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவர்களுக்கும் நடக்கிறது. ஆனால் பஸ்ஸில் போகிறவர்கள் இறங்கி வருகிறார்கள். வருகிற எல்லோருமே வெள்ளைச் சட்டையைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். மாமாவுக்குத் துணையாக ஓர் அம்மாவை வேலைக்குச் சேர்த்திருக்கிறேன். ஒப்பந்தத்தை மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அந்தச் சீருடைப் பெண்கூடத் தன் அப்பாவின் சட்டையை என்னிடம் கொண்டுவந்து, "எங்க மேனேஜர்கிட்ட சொல்லிடாதீங்கக்கா" என்றாள்.

உங்கள்
சின்னவள்


மே 20

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ அனுப்பிய புதுப் பலகையின் படத்தைப் பார்த்தேன். பலகைக்குக் கீழே இடுப்பில் கை வைத்து நிற்கிறாயே, அதையே பெரிதாக்கி ஸ்டூடியோ சுவரில் மாட்டியிருக்கிறேன். சின்னக் கடை வைத்து நடத்துகிறவர்கள் ஆலோசனை கேட்டு வந்தால் அதைத்தான் காட்டுகிறேன்.

ஒரு செய்தி. மூன்று முறை எழுதி அடித்தேன். இந்த முறை நேராகச் சொல்கிறேன். ஜூன் இருபதாம் தேதி எனக்குக் கல்யாணம். என் வீட்டுக்கு எதிர் வீட்டில் இருக்கும் கணக்கு வாத்தியார். நிதானமானவர். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்து பதில் சொல்கிறார். அதிலேயே விழுந்துவிட்டேன் என்று வைத்துக்கொள். ஆர்ப்பாட்டம் இல்லை. பதிவு அலுவலகத்தில் கையெழுத்து, பிறகு நாலு பேரோடு சாப்பாடு.

இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று தெரியவில்லை. அன்றைக்குப் பிறகு உன்னிடமிருந்து அண்ணி என்று கேட்க எனக்கு உரிமை இருக்காது. கடிதம் நின்றாலும் நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உனக்கு உன் அண்ணன் இருக்கிறார்.

சாட்சிக் கையெழுத்துக்கு என் பக்கம் இரண்டு பேர் வேண்டுமாம். ஒருவர் கிடைத்துவிட்டார். உன்னைக் கேட்கவில்லை. நடப்பதைச் சொன்னேன்.

அன்புடன்,
(என்ன போடுவது என்று தெரியவில்லை)


ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நிறைய யோசித்து இதைத் தேர்ந்தெடுத்தேன். அண்ணி என்று கூப்பிட நடுவில் அண்ணன் இருக்க வேண்டும். அக்காவுக்கு யாரும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அழுதேன், சிரித்தேன், எந்த வரிசையில் என்று நினைவில்லை. அண்ணனிடம் நானே சொன்னேன். இரண்டு வாய் டீ குடித்தான். "நல்லா இருக்கட்டும்" என்றான். பிறகு, "நீ போறேல்ல?" என்றான். "போறேன்" என்றேன். "போ. யாராவது போகணும் இல்ல" என்றான். அவன் மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஆகவே, இரண்டாவது சாட்சியைத் தேட வேண்டாம். பத்தொன்பதாம் தேதி சாயங்கால பஸ்ஸில் வருகிறேன். நீங்கள் உடுத்தப்போவதை இஸ்திரி போடாமல் வையுங்கள். வந்து நானே போடுகிறேன். வாத்தியாரிடம் சொல்லிவையுங்கள்: பெண் வீட்டிலிருந்து ஒருத்தி வருகிறாள், அவளும் பேசி முடிக்க நேரம் எடுப்பாள்.

மூன்று நாள் கடை விடுமுறை. கதவில் ஒட்ட ஒரு தாளில் நானே எழுதினேன்: "அக்காவுக்குக் கல்யாணம். இருபத்திரண்டாம் தேதி கடை திறக்கும்."

மாமா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்து படித்துப் பார்த்தார்.

"உனக்கு அக்கா இருக்கறது எனக்குத் தெரியாதே. சொந்த அக்காவா?"

"ஆமா மாமா, சொந்த அக்காதான்" என்றேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் தங்கை