ரூடோவின் கடைசி அத்தியாயத்தை நான் எழுதமாட்டேன்

என் பிரியமான ரூடோ,

முதலில் ஒரு பொய்யைத் திருத்திவிடுகிறேன். உம்முடைய ஆங்கில நாவல்களை எழுதியது நான்தான் என்று நம் வோபர்ன் வட்டாரத்துத் தமிழர் நடுவே ஒரு கதை உலாவுகிறது. போன ஞாயிறு பூசை முடிந்து வரும்போது ஜெசிந்தா என்னை வாசலில் மறித்தாள்.

“அன்ரி, அந்த ஆபிரிக்க மனுசியின்ர புத்தகமெல்லாம் நீங்கள்தானே எழுதிக் குடுத்தனீங்கள்?”

“அவவுக்குப் பேர் ரூடோ. நான் ஒரு வரியும் எழுதேல்லை.”

“அடக்கமாச் சொல்லுறியள். கொன்வென்ற் இங்கிலீஸ் எண்டா சும்மாவே!”

அடக்கம் என்னிடம் ஒருபோதும் இருந்ததில்லை, உமக்குத் தெரியும். எழுதியிருந்தால் நானே ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன்.

நீர் சிம்பாப்வேயில் ஆசிரியை. இங்கே முதியோர் இல்லத்தில் பிற்பகல் வேலை, காலையில் எழுத்து. ஒவ்வொரு நாவலையும் இரண்டு தடவை எழுதினீர்: முதலில் உம் தாய்மொழியான ஷோனாவில், பிறகு ஆங்கிலத்தில். அது மொழிபெயர்ப்பு அல்ல. ஷோனாப் பிரதியை அலுமாரியில் பூட்டிவிட்டு, என் குசினியில் வந்திருந்து கதையை ஆங்கிலத்தில் வாயால் சொல்வீர். சொன்னதைத்தான் மறுநாள் எழுதுவீர்.

என் கணவர் இறந்த வருடம், நம் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் உடுப்புத் தோய்க்கும் அறையில் அறிமுகமானோம். முதல் தடவை கதை சொல்ல வந்தபோது, நான் கைகளை மடியில் வைத்து வாய் திறவாமல் இருந்தேன். நீர் இடையில் நிறுத்திவிட்டீர். நாம் பேசியது ஆங்கிலம். என் தமிழில் தருகிறேன்.

“இருக்கிறீரோ, இல்லாட்டிப் போய்ச் சேர்ந்திட்டீரோ?”

“கவனமாத்தான் கேக்கிறன். ஒராள் கதைக்கேக்க வாய் திறக்கக் கூடாதெண்டு எங்கட சிஸ்டர்மார் பழக்கினவை.”

“உங்கட சிஸ்டர்மார் கதையைச் சாக்காட்டிப் போடுவினம்.”

உங்கள் ஊரில் கதை சொல்பவர் ஒரு வரி சொன்னால், கேட்பவர்கள் ‘ட்ஸெப்ஃபுண்டே’ என்று குரல் கொடுக்க வேண்டுமாம். குரல் வராவிட்டால் கதை நகராதாம். அந்தச் சொல் என் வாயில் நுழையவில்லை. “உம் கொட்டினாக் காணுமோ?” என்றேன். ஒத்துக்கொண்டீர். உம் நாவல்களில் என் பங்கு அவ்வளவுதான்.

கடைசி நாவலையே எடுப்போம். நியாஷா என்ற பெண் எல்லை தாண்டிப் போய் வியாபாரம் செய்கிறாள். ஷோனாவில் அவளுடைய மாமியார் ஓர் அத்தியாயம் முழுக்கத் திட்டுகிறாள் என்றீர். ஆங்கிலத்தில் அதைச் சொன்னபோது நான் ‘உம்’ கொட்டும் குரல் தளர்ந்ததைக் கவனித்துவிட்டீர். மறுநாள் எழுதிக்கொண்டு வந்ததில் மாமியார் ஒன்றுமே பேசவில்லை. நியாஷாவின் பையை வாசலுக்கு வெளியே நகர்த்தி வைக்கிறாள், அவ்வளவே. திட்டியதைவிட அது கொடுமையாக இருந்தது. அதை நானா சொல்லித் தந்தேன்? எனக்கு அலுத்தது, உமக்கு வழி தெரிந்தது.

இனி, நீர் இறந்த பிறகு நடந்த செய்தி. அந்தக் கடைசி நாவல் ஷோனாவில் முழுமையாக அச்சுக்குப் போகிறது. ஆங்கிலத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் இல்லை. அதை ஆஸ்பத்திரிக் கட்டிலில் எனக்குச் சொன்னீர். எழுத நாள் கிடைக்கவில்லை. அதைக் கேட்டு உம் மகன் தென்டாய் ஒஷாவாவிலிருந்து என்னிடம் வந்திருந்தான்.

“அன்ரி, அம்மா சொன்னதைக் கேட்ட ஒரே ஆள் நீங்கள். எழுதித் தாங்கோ. அட்டையில உங்கட பேரும் வரும்.”

“ஷோனாவில முடிவு இருக்குத்தானே?”

“அதில நியாஷா வீட்டுக்குத் திரும்பிப் போறாள். இங்கிலீசில போகேல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்!”

சொன்னேன்தான். அட்டையில் என் பெயர் என்றதும் மனம் குளிர்ந்ததும் உண்மை. ஒரு காலை உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். ஒரு பிழை இல்லை. ஆனால் எல்லையில் நிற்கும் நியாஷா எங்கள் கொன்வென்ற் தலைவி மதர் சுப்பீரியர் மாதிரிப் பேசினாள். கிழித்துப் போட்டேன்.

அதைவிட, எனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. பஸ் அவளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில் உம் குரல் உடைந்தது. அழுதது நியாஷாவா, நீரா? அவள் அழுதாள் என்று எழுதினால் சரியா? எழுதாமல் விட்டால் சரியா? நீர் எழுதியிருந்தால் தெரிந்திருக்கும்.

ஆகவே உமக்கு வாக்குத் தருகிறேன்: அந்த அத்தியாயத்தை நான் எழுதமாட்டேன், வேறு எவரையும் எழுத விடவும் மாட்டேன். உம் கை நின்ற இடத்தில் ஆங்கில நாவல் நிற்கட்டும். ஆசிரியர் இவ்வளவுதான் எழுதினார் என்று அடியில் ஒரு வரி போதும். அட்டையில் ஒரு பெயர் மட்டும்.

இதன் ஆங்கிலப் பிரதியைத் தென்டாய்க்கு அனுப்புகிறேன். தென்டாய், சம்மதமா இல்லையா என்று கையொப்பமிட்டு எழுத்தில் பதில் தாரும். போனில் வேண்டாம்.

உமக்கு அக்காவாகவே இருக்கும்
பிலோமினா