இரைச்சல் மைக்கில் பேசிய ஆமிக்காரர்

என் பிரியமான செல்வி அப்பா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். சோறு தின்றுவிட்டு, இதோ என் பக்கத்தில்தான் இருக்கிறாள்.

தேயிலை ஃபெக்டரியின் ரோலிங் மெஷின் சத்தத்தில் உங்கள் காது போனதும், எதைச் சொன்னாலும் நீங்கள் சிரித்துத் தலையாட்டியதும் அவள் மனதில் அப்படியே நிற்கிறது. நீங்கள் போன பிறகு கண்டி கம்பஸில் அதற்கென்றே ஒரு சின்ன சர்க்கிட் போர்ட் செய்யத் தொடங்கினாள். படித்துப் புரியாததெல்லாம் ஈயம் உருக்கி ஒட்டும்போது புரிகிறதாம். அதில் இரண்டு மைக். ஒன்று பேச்சுக்கு, மற்றது இரைச்சலுக்கு. பேச்சோடு கலந்த இரைச்சலை அழித்து, மிச்சத்தை ஹெட்போனில் தரும்.

"பேசப் பேச எப்பிடிடி உடனே செய்யுது?"

"கொழுந்து நிறுக்கிற மாதிரிதாம்மா. ஒரு கூடய நிறுக்கிறப்ப மத்த கூட நெறயணும். நிறுக்கிறவரு அசந்தா கீழ கொட்டிரும். எனக்கும் மொதல்ல கொட்டுச்சு. பேச்சு துண்டு துண்டா வந்துச்சு."

போன லீவில் ஃபெக்டரி வாசலில் வைத்துப் பார்த்தோம். நான் இரைச்சல் மைக்கை வாயருகே பிடித்துவிட்டேன். அவள் ஹெட்போனில் என் குரலே காணாமல் போனது!

"ஒன்னயவே இரைச்சல்னு நெனச்சிருச்சும்மா. அப்பாவுக்கு நிம்மதியா இருந்திருக்கும்," என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நேற்று கண்டியிலிருந்து வந்தவளை மாத்தளையில் பஸ் ஏற்றிக் கூட்டிவரும்போது, பலாபத்வலவுக்கு முன்னால் ஆமி செக்பொயின்டில் பையைத் திறந்தார்கள். வயர், பெட்டரி, போர்ட். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. கூட்டிப்போன பிள்ளைகள் திரும்பாத கதை எத்தனை கேட்டிருக்கிறோம் நாம்?

"மே மொகக்த நங்கி?" என்ன இது தங்கச்சி என்று கேட்டார் ஒரு ஆமிக்காரர். செல்வி சிங்களத்தில் விளக்கினாள். அவர் நம்பவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் வந்த மைக்கில் பேசினார். பக்கத்தில் ஓடிய ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. முகம் மாறிவிட்டது. செல்வியின் கையைப் பிடித்தார்.

அவர் வாயருகே பார்த்தேன். நான் பிடித்த அதே மைக்! உயிர் போகிற பயத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

"மாத்தயா, அது இரைச்சல் மைக்கு! நானும் அப்பிடித்தான் புடிச்சேன்," என்று தமிழிலேயே கத்தினேன். செல்வி சிங்களத்தில் சொல்லி மைக்கை மாற்றிக் கொடுத்தாள்.

அவர் அதைப் பக்கத்தில் நின்ற ஆமிக்காரரிடம் நீட்டினார். அந்த ஆள் எதை முணுமுணுத்தாரோ, ஜெனரேட்டர் சத்தத்திலும் இவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது; அந்த ஆளின் முதுகில் ஒன்று போட்டுச் சிரித்தார். அடுத்த பஸ்ஸை அவரே கைகாட்டி நிறுத்தினார்.

அந்த ஹெட்போனை நீங்கள் மாட்டியிருந்தால் முதலில் என்ன கேட்டிருப்பீர்கள்? நான் என்ன சொல்லியிருப்பேன்?

இன்று காலை உங்கள் படத்துக்கு விளக்கு வைத்து, "புள்ள வந்துட்டா!" என்று பழைய பழக்கத்தில் கத்தினேன். செல்வி ஓடிவந்து பேச்சு மைக்கை என் வாயருகே பிடித்தாள்.

"மெதுவா சொன்னாலே போதும்மா."

இனி உங்களிடம் கத்தமாட்டேன். மெதுவாகவே பேசுவேன்.

உங்கள் வீட்டுக்காரி,
செல்வியின் அம்மா