நார்வே நாடகமும் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளும்

என்னைப் பற்றி மர்பி டவுனில் இப்போது ஒரு பொய் சுற்றிக்கொண்டிருக்கிறது. இருபத்திரண்டு வயதில் பங்குச் சாமியாரை எதிர்த்து மேடையில் புரட்சி செய்தேனாம். நான் யாரையும் எதிர்க்கவில்லை. கதவு திறக்கவில்லை, அவ்வளவுதான். ஐம்பது வருடமாக இதைத்தான் சொல்லிவருகிறேன். ஆனால் நேற்றிலிருந்து என் மேசைமேல் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் கிடக்கிறது. அதைப் பார்க்கப் பார்க்க, நான் சொல்லிவந்ததும் சரிதானா என்று சந்தேகம் வருகிறது. சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லை என்பது உனக்குத் தெரியும்.

நாம் போட்ட அந்த நார்வே நாடகத்தைப் பங்கு மண்டபத்தில் பிள்ளைகள் நேற்று மறுபடியும் போட்டார்கள். கணவனை விட்டுப் புறப்படும் மனைவி கடைசியில் கதவை அறைந்து சாத்துவாளே, அதேதான். மனைவியாக நடித்த பெண்ணுக்கு நிமிர்ந்து நிற்கத் தெரிந்திருந்தது. கதவுதான் ப்ளைவுட். அவள் அறைந்தபோது யாரோ பிஸ்கட் டப்பாவை மூடியதுபோல் கேட்டது.

நம் காலத்தில் ஃபாதர் ஒரு நிபந்தனையோடுதான் மண்டபம் கொடுத்தார். போன மனைவி திரும்பி வர வேண்டும், கணவன் முன்னால் மண்டியிட வேண்டும், பிறகுதான் திரை. மனைவி வேடம் கட்டிய நான், ஃபாதர் சொன்னால் சொன்னதுதான் என்றேன். கன்னியர் மடப் பள்ளியில் படித்தவள் வேறு என்ன சொல்வாள்? வசனம் எடுத்துக்கொடுக்க நின்ற நீதான் தாளைச் சுருட்டி என் தோளில் அடித்தாய்.

“அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தா, அவ வீட்ட விட்டுப் போனவ இல்லடி. பால் வாங்கப் போனவ.”

“சும்னே இரு. மண்டபம் குடுத்திருக்காரு.”

“சரிங்க மகாராணி.”

நீ சரி என்றால் பயப்பட வேண்டும் என்பதை அப்போது நான் கற்றிருக்கவில்லை.

அடுகோடிப் பட்டறையிலிருந்து கதவு வந்தபோது நானே சரிபார்த்து வாங்கினேன். கீல் மூன்று, கைப்பிடி ஒன்று. தாழ்ப்பாள் கிடையாது. மேடைக் கதவுக்கு எதற்குத் தாழ்ப்பாள்?

ஞாயிற்றுக்கிழமை, மத்தியான ஆட்டம், நல்ல மழை, மேடைக்குப் பின்னால் கூரை ஒழுகியது. நான் அறைந்த அறையில் மண்டபத்து உத்தரத்திலிருந்த புறாக்கள் பறந்தன. கதவுக்குப் பின்னால் நீ நின்றிருந்தாய். “ஐயோ, ஹேர்பின் விழுந்துடுச்சு” என்று கீழே குனிந்தாய். நான் ஃபாதர் சொன்னபடி பத்து எண்ணிவிட்டுக் கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

“மழையில மரம் ஊதிடுச்சுடி. நல்லாத் தள்ளு.”

நீயும் சேர்ந்து தள்ளினாய். முகம் சிவக்கத் தள்ளினாய்.

அந்தப் பக்கம், கணவனாக நடித்த தபாலாபீஸ் குமாஸ்தா கையை விரித்தபடி காத்திருந்தார். காத்திருந்து காத்திருந்து, கடைசியில் சபையைப் பார்த்து, “பரவால்ல, சாப்பாட்டு நேரத்துக்கு வந்துடுவா” என்றார். சிரிப்பு அடங்கவே நேரமானது. பிறகு கைதட்டல். பிறகு திரை. ஃபாதர் மூன்று மாதம் என் முகத்தைப் பார்க்கவில்லை. குமாஸ்தாவை அடுத்த வருடம் நான் கட்டிக்கொண்டேன். அந்த ஒரு வரிக்காகத்தான் என்று நீ ஊரெல்லாம் சொன்னாய். பாதி உண்மை. சிவாஜிநகர் போய்த் திரும்ப நேரமானால், கண்ணை மூடும்வரை அவர் அதே வரியைத்தான் சொன்னார்.

நேற்று நாடகம் முடிந்ததும் என்னை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தி, அடங்க மறுத்தவர் என்றார்கள். மைக்கை வாங்கி, “கதவு மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான்” என்றேன். இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். என்ன தன்னடக்கம் என்று முன்வரிசையில் ஒருவர் உருகினார். என்னை இதுவரை எவரும் அப்படித் திட்டியதில்லை.

வாசலில் உன் மகள் ஒரு கைக்குட்டை முடிச்சைக் கொடுத்தாள். “அம்மா தையல் பெட்டியில இருந்துச்சு ஆன்ட்டி. மகாராணியோட நாடகத்த மறுபடி போட்டாங்கன்னா அவங்ககிட்ட குடுன்னு சொல்லி வெச்சிருந்தாங்க. எதுக்கும்மான்னு கேட்டா சிரிச்சாங்க.”

விரல் நீளத் தாழ்ப்பாள். திருகாணிகள்கூடப் பத்திரமாக இருக்கின்றன. கதவின் அடியில், குனிந்தால்தான் எட்டும் இடத்தில் பொருத்துவது.

நீ போன பிறகு என்னிடம் இப்படி விளையாட ஆளில்லை என்று நினைத்திருந்தேன். அன்று புரட்சி நடந்திருந்தால் அது உன்னுடையது. பொன்னாடை என் அலமாரியில் இருக்கிறது. உனக்குச் சேர வேண்டியதை வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனால் முழுவதையும் உனக்குக் கொடுக்கவும் முடியவில்லை. இதுவரை அவரிடம்கூடச் சொல்லாத ஒன்று இருக்கிறது. கைதட்டல் கேட்டதும் நான் தள்ளுவதை நிறுத்திவிட்டேன். அந்தக் கதவுக்குப் பின்னால் ஈரப் புடவையோடு நின்று, திறந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். நீ மட்டும் இன்னும் தள்ளிக்கொண்டிருந்தாய். அந்த ஒரு நிமிடத்தை இன்றும் நான் யாருக்கும் தருவதாக இல்லை.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தியோடு இந்த மடலையும் உன்னிடம் வைத்துவிட்டு வருவேன். தாழ்ப்பாளைப் போட்டது நீதானா? ஆம் அல்லது இல்லை, ஒரு வரி போதும். சிரித்து மழுப்பாதே, எனக்கு எழுத்தில் வேண்டும். பதில் எழுது.