குன்றிமணி முட்டையிடும் பருவம்

மாரி வழங்குக. மண் குளிர்க.

முகில் தவழும் கார்வள நாட்டின் காவலரும், ஏழருவிக்கு உரியவரும், பகைவர்முன் வைத்த காலைப் பின்னெடுக்காதவரும், என் கொழுநருமாகிய ஆழியங்கோ மாமன்னர் திருமுன்னர்க்கு, அவர்தம் பட்டத்தரசியும் தாழைக்கரை வேந்தர் மகளுமாகிய நல்லிசை நாச்சி, தலைப்பேற்றுக்குத் தாய்வீடு வந்து, கடற்காற்றில் பாதி துயிலும் பாதி விழிப்புமாய்க் கிடந்து விடுக்கும் ஓலை. அருவிகள் நலமா? யானைகள் நலமா? அவையோர் நலமா? நான் நலமே, ஆயின் சினத்தோடு இருக்கிறேன்.

சினம் பிறகு. முதலில் என் பல்லிகள். என் சீர்வரிசையோடு பல்லக்கில் வந்து, தங்கள் தலைவாயில் மாடத்தில் சல்லடைப் பக்கங்கள் கொண்ட மரப்பேழையில் குடியேறிய முரசனும் குன்றிமணியும் நம் மணவாழ்வின் வயதினர் என்பதைத் தாங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். குன்றிமணியின் கழுத்தில் இருபுறமும் வெண்சுண்ணம் திரண்டு நிற்பதாகவும், அடிவயிற்றுத் தோலினூடே இரண்டு முட்டைகள் தெரிவதாகவும் தோழி செவ்வந்தி சொல்லியனுப்பினாள். அடடா, என் கண்ணே! எனக்கும் அவளுக்கும் ஒரே பருவத்தில் வாய்த்தது பாருங்கள். இவ்வோலையோடு ஒரு பை கணவாய் மீன் ஓடு வருகிறது. எங்கள் கரையில் அலை ஒதுக்கியது. அதை மாவாக இடித்து வெட்டுக்கிளிகள்மேல் தூவி அவளுக்குக் கொடுக்கச் செய்க. அது குறைந்தால் முட்டைக்கு வேண்டிய சுண்ணத்தைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் துவண்டுபோவாள்.

முட்டைகளை அவள் பேழையின் சட்டத்தில் ஒட்டிவைப்பாள். ஒட்டியதைப் பெயர்க்கலாகாது, ஆசைப்பட்டு விரலால் தொடவும் ஆகாது. அருகில் ஈரத்துணி ஒன்றும், ஒருபுறம் சிறு விளக்கின் வெதுவெதுப்பும் போதும். சென்ற ஆண்டு நாம் இருவரும் பேழையின் மறுபுறம் சுடரைப் பிடித்து, ஓட்டுக்குள் சிவந்த நரம்புகள் ஓடுவதைப் பார்த்து நின்றோமே, அப்படிப் பார்த்துக்கொள்ளலாம். குஞ்சு பொரித்ததும் வேறு பேழைக்கு மாற்றுக. தன் பிள்ளை என்று முரசன் பாரான், விழுங்கிவிடுவான். நடுவே நான் இட்டுவந்த சல்லடைத் தட்டியையும் எடுக்க வேண்டா. எடுத்தால் அவள் கழுத்தைக் கவ்விக் கவ்வி ஓயவிடமாட்டான்.

இனி என் சினம். தங்கள் தூதர் வந்து பணிந்து உரைத்தார்: அரசர் தாழைக்கரைக்குப் புறப்பட்டு வாயிலில் கால்வைத்த பொழுதெல்லாம் மாடத்துப் பல்லி கீழ்த்திசையில் ஒலித்ததென்றும், அது பயணத்துக்கு ஆகாத குறியென்று தலைமை நிமித்திகர் ஏகவாசகர் தடுத்தாரென்றும், பல்லி வாய்திறவாத நன்னாள் பார்த்து அரசர் வருவாரென்றும். கேட்டு என் அன்னையார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிக்குமுன் அழுதேன். வயிறு இறங்கிவிட்டது, இனி எந்த நாளும் ஆகலாம் என்கிறாள் மருத்துவச்சி. எனக்கு அச்சமாக இருக்கிறது, அரசே. இதை இங்கே எவரிடமும் சொல்லவில்லை. தாங்கள் அருகில் இருந்தால் தாங்கிக்கொள்வேன், இல்லையேல் எப்படியென்று எனக்குத் தெரியவில்லை.

நேற்றுப் பிற்பகல், அலையோசை காதில் தேய்ந்துகொண்டிருக்கையில், ஒரு கனவு கண்டேன். நம் அரண்மனைச் சுவர்களெல்லாம் முட்டை ஓடாக மெலிந்து, மறுபுறத்து ஒளியில் இளஞ்சிவப்பாய் இருந்தன. சுவருக்கு அப்பால் தாங்கள் விளக்கோடு நடந்துவந்தீர்கள். நிழல் பெரிதாகிப் பெரிதாகி வாயிலருகே வந்து நின்றது. இங்கேதான் இருக்கிறேன், வாருங்கள் என்று கூப்பிட வாய்திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது பல்லியின் குரல். தாங்கள் வைத்த காலைப் பின்னெடுத்தீர்கள். நான் கூப்பிடக் கூப்பிடத் தாங்கள் விலகிக்கொண்டே போனீர்கள்.

விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. ஆனால் அப்போதே விளங்கிவிட்டது. முரசன் இருக்கும் பாதி, பேழையின் கீழ்த்திசைப் பாதி. அவனை அங்கே அடைத்து வந்தவள் நானே. இது அவன் கூடும் பருவம். தட்டிக்கு அப்பால் குன்றிமணி இருப்பது அவனுக்குத் தெரிகிறது, போக முடியவில்லை. ஆகவே பொழுதெல்லாம் அழைக்கிறான். தாங்கள் வாயிலில் கால்வைக்காத பொழுதும் அழைத்திருப்பான். அதை எவர் கேட்டார்? அவன் வாய்திறவாத நன்னாள் இப்பருவம் முடியும்வரை வரப்போவதில்லை. அவன் தங்கள் பயணத்தைத் தடுக்கவில்லை, அரசே. தன் பெண்சாதியைக் கூப்பிடுகிறான்.

ஆதலின் பட்டத்தரசியாகிய நான் இடும் கட்டளை: பல்லிகளைப் பேணும் பொறுப்பு இந்நாள்முதல் நிமித்திகர் ஏகவாசகருடையது. பல்லியின் சொல்லை அவ்வளவு நுட்பமாகக் கேட்கத் தெரிந்தவர் அதன் பசியையும் கேட்கட்டும். வெட்டுக்கிளியை அவரே பிடிக்க, கணவாய் ஓட்டை அவரே இடிக்க, ஈரத்துணியை அவரே நனைக்க. ஐயம் வந்தால் செவ்வந்தியைக் கேட்க.

தங்களுக்கு ஆணையிட எனக்கு உரிமையில்லை. ஆகவே ஆணை என் வயிற்றில் இருப்பவருடையது. இளங்கோவோ இளங்கொடியோ அறியேன், குரல் கொடுக்க இன்னும் வாய்வராத அவர்தம் பெயரால், தாழம்பூ இலச்சினை ஒற்றி, என் கையாலேயே நூல் சுற்றி விடுக்கிறேன். ஓலை பெற்ற கை வாழ்க. கொணர்ந்த கால் வாழ்க.

முரசனுக்கு இருப்பது குரல் ஒன்றே. தங்களுக்குக் குதிரை இருக்கிறது. ஏறுக.