கிழமைத்தாளில் ஸபூராவின் வரி

சண்டிலிப்பாய்,
27.01.1991, ஞாயிறு.

அன்புள்ள ஸபூராவுக்கு,

நீரும் உம்முடைய உம்மாவும் பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே எழுதத் தொடங்குகிறேன். வழக்கம்போல "நலம், நலமறிய ஆவல்" என்று போட வந்த கையை நிறுத்திவிட்டேன். அந்த வசனத்தை உமக்கு எழுத எனக்கு இப்போது உரிமை உண்டோ தெரியவில்லை.

எங்கள் பள்ளிக்கூடத்துக் கிளாக்கர் பிலிப்பு புதன்கிழமை திரும்பி வந்தார். புத்தளத்தில் உங்கள் அகதி முகாமைத் தேடிப் பிடித்து, நீர் கேட்டிருந்த சேவைச் சான்றிதழை உம்முடைய கையிலேயே கொடுத்ததாகச் சொன்னார். அது சந்தோஷம். பிறகுதான் மற்றதைச் சொன்னார். ஆசிரியர் அறைச் சுவரில் நான் வாராவாரம் ஒட்டிய பழைய கிழமைத்தாள்களையும் ஒரு கட்டாகக் கட்டிக் கொண்டுபோய்த் தந்தாராம். "ரீச்சருக்குப் பொழுது போகுமெல்லோ எண்டு கொண்டு போனனான்" என்றார். நல்ல மனுஷன், அவரில் பிழையில்லை. ஆனால் அந்தக் கட்டில் நவம்பர் ஐந்தாம் திகதித் தாளும் இருந்திருக்கும். அதை நினைத்த நேரத்திலிருந்து எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

இந்தக் கிழமைத்தாள் வழக்கம் எப்படித் தொடங்கியதென்று உமக்குத் தெரியும். எனக்குத்தான் அதை ஒருமுறை முதலிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிழைத்த கணக்கைப் பிள்ளைகளிடம் முதல் வரியிலிருந்து செய்யச் சொல்லுவேன் அல்லவா, அதுபோல.

ஆனி மாதம் சண்டை திரும்பத் தொடங்கியதும் நகரத்துப் பள்ளிக்கூடத்தை விட்டு இங்கே வந்தோம். இன்னொரு பள்ளிக்கூடத்தின் கட்டிடத்தில் பின்னேர நேரம் படிப்பித்தோம். ஆசிரியர் அறையில் யார் செத்தது, எங்கே குண்டு விழுந்தது என்பதைத் தவிர வேறு கதை இல்லை. ஆள் காணாதென்று, ஓய்வு பெற்று ஆறு வருஷமான என்னையும் கூப்பிட்டிருந்தார் அதிபர் கனகசபாபதி. கணிதத்தோடு இன்னொரு வேலையும் தந்தார். வெள்ளிதோறும் ஒவ்வொருவரிடமும் ஒரு நல்ல செய்தி, ஒரே ஒரு வரி, வாங்கவேண்டும். திங்கள் அதைச் சுவரில் ஒட்டவேண்டும். வாசித்தவர்கள் கீழே ஒப்பமிடவேண்டும். குறை எழுதக்கூடாது. மனம் உடைந்த ஆசிரியரால் வகுப்பை நிமிர்த்த முடியாது என்று அவர் சொன்னது எனக்கும் சரியாகவே பட்டது.

எல்லோரிடமும் எல்லாக் கிழமையும் நல்ல செய்தி இருக்குமா? இல்லாதவர்களுக்கு நான் செய்து கொடுத்தேன். மகாதேவி ரீச்சரின் வீட்டுச் சமையலறை ஷெல் விழுந்து போனபோது, "மகாதேவி ரீச்சர் வீட்டுக் கிணற்றுக்கு ஒரு சேதமும் இல்லை" என்று எழுதினேன். அவவே வாசித்துவிட்டுச் சிரித்தா. நீர்தான் எல்லோருக்கும் கேட்கச் சொன்னீர்: "ரத்தினக்கா, நான் செத்தாலும் 'ஸபூரா ரீச்சருக்கு இனிப் பாடக்குறிப்பு எழுதத் தேவையில்லை' எண்டுதான் போடுவியள்." அறை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒக்டோபர் முப்பதாம் திகதி, அந்தச் செவ்வாய்க்கிழமை, நீர் வரவில்லை. பஸ் கிடைக்கவில்லையாக்கும் என்று உம்முடைய ஒன்பதாம் வகுப்பை நானே பார்த்தேன். ஜாம் போத்தல்களில் ஈரப்பஞ்சின்மேல் நீர் போட்ட பயறு முளைவிட்டிருந்தது. "ரீச்சர் வந்து அளப்பா, ஒருத்தரும் தொடாதையுங்கோ" என்று பிள்ளைகளை அதட்டினேன். அந்த நேரம் உங்கள் தெருவில் இயக்கத்தார் ஒலிபெருக்கி பிடித்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேறவேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் போத்தல்களைக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

புதன்கிழமைதான் அறிந்தோம். அறிந்ததும் என்ன செய்தோம் என்று நீர் கேட்கலாம். குரலைத் தாழ்த்திக் கதைத்தோம். மணி அடித்ததும் வகுப்புக்குப் போனோம்.

வெள்ளிக்கிழமை தாளை எழுத இருந்தேன். பெயர்கள் வரிசையாக நின்றன. பதினோராவது பெயர் உம்முடையது. பெயரை வெட்டக் கை போகவில்லை. வெறுமையாக விடவும் பயம், ஏன் வெறுமை என்று யாரும் கேட்டால் என்ன சொல்வது? ஐந்து மாதப் பழக்கம் கையைப் பிடித்து எழுதுவித்தது: "ஸபூரா ரீச்சர் குடும்பத்தாருடன் சுகமாகப் புறப்பட்டுச் சென்றார்."

திங்கள் ஒட்டினேன். வாசித்தார்கள். இருபத்திரண்டு பேரும் ஒப்பமிட்டார்கள். மகாதேவி மட்டும் பேனையை எடுத்து, வைத்து, திரும்ப எடுத்து இட்டா.

இப்போது பிலிப்பு சொல்கிறார்: நீர் தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தீராம். ஒன்றில் மட்டும் கனநேரம் நின்றீராம். "இது ஆர் எழுதினது?" என்று கேட்டீராம். கையெழுத்து உங்களுக்குத் தெரியும்தானே என்றாராம் அவர். "ஓம், தெரியும்" என்றுவிட்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தீராம். அவர் வெளிக்கிடும்போது கொப்பித்தாளில் ஒரு வரி எழுதி மடித்து, இந்தக் கிழமைக்கு என்னுடைய வரி, ரத்தினக்காவிடம் கொடுங்கோ என்றீராம்.

அது இப்போது என் முன்னால் இருக்கிறது. "நல்ல மழை பெய்தது. எங்கள் கொட்டிலுக்குக் கூரை இல்லாதபடியால் குடிக்க நிறையத் தண்ணீர் கிடைத்தது."

ஸபூரா, நான் நாற்பது வருஷம் பிள்ளைகளின் விடைத்தாள் திருத்தியவள். ஒரு வரியைப் பார்த்தால் பிள்ளை விளங்கி எழுதியதா, பார்த்து எழுதியதா என்று சொல்லிவிடுவேன். இந்த வரி எனக்கு விளங்கவில்லை. காலையில் வாசித்தால் உம்முடைய சிரிப்புக் கேட்கிறது, பழையபடி என்னைப் பகிடி பண்ணுகிறீர் என்று மனம் ஆறுகிறது. பின்னேரம் அதே வரியை வாசித்தால் முகத்தில் அறைகிறது. மகாதேவியிடம் காட்டினேன். "அக்கா, இது உங்களுக்கு மட்டுமில்லை, ஒப்பம் வைச்ச எல்லாருக்கும் விழுந்த அடி" என்றா. அதிபரிடம் காட்டினேன். "பகிடியாத்தான் எழுதியிருக்கிறா, போடுங்கோ. கூரை இல்லை எண்டதை மட்டும் எடுத்துவிடுங்கோ" என்றார். கூரையை எடுத்துவிட்டால் மிச்சம் மழை மட்டும்தானே?

நாளைய தாளை எழுதிவிட்டேன். பதினோராவது பெயருக்கு நேரே உம்முடைய வரி, ஒரு எழுத்தும் மாற்றாமல். கடைசியில் என் பெயருக்கு நேரே இப்படி: "ஸபூரா ரீச்சர் சுகமாகப் புறப்படவில்லை. நான் அப்படி எழுதியது பொய்." அதிபர் வாசித்துவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார். "இது நல்ல செய்தி இல்லை, ரீச்சர். எனக்குப் பென்சனுக்கு இன்னும் மூண்டு வருஷம் கிடக்கு" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நானும் பயந்துதானே எழுதினேன்? இந்தத் தாளுக்கு எத்தனை பேர் ஒப்பமிடுவார்கள் என்றும் தெரியாது.

இரவோடு இரவாக மனம் மாறிக் கிழித்துப்போடுவேனோ என்று எனக்கே என்னில் நம்பிக்கை இல்லை. அதனால் அதன் காபன் பிரதியை இந்தக் கடிதத்தோடு வைக்கிறேன். பிலிப்புவின் மருமகன் இன்று மத்தியானம் வவுனியாவுக்கு வெளிக்கிடுகிறார், அங்கிருந்து தபாலில் போடுவார். பிரதி உம்மிடம் வந்தபிறகு நான் மற்றதைக் கிழித்து என்ன பயன்?

பயற்றைப் பற்றியும் சொல்லவேண்டும். தொடவேண்டாம் என்று நான் சொன்னதைப் பிள்ளைகள் கேட்கவில்லை. நீர் வருவீர் என்று நாள்தோறும் அளந்து எழுதியிருக்கிறார்கள். கடைசி அளவு பதினாலு சென்ரிமீற்றர். அதன்பிறகு வாடிவிட்டது. வாடியதையும் திகதி போட்டு எழுதியிருக்கிறார்கள். என்னைவிட நல்ல பிள்ளைகள்.

உம்முடைய உம்மாவின் முழங்கால் நோவுக்கு நல்லெண்ணெய் சூடாக்கிப் பூசச் சொல்லும். பிள்ளைகளின் படிப்பை விடவேண்டாம். மரத்தடியில் இருந்தாலும் நாளுக்கு ஐந்து கணக்குச் செய்யட்டும்.

நீர் வணங்கும் ஆண்டவன் உம்முடைய தலைக்குமேல் ஒரு கூரையைத் தரட்டும். பதினோராவது வரி உமக்காகக் கிடக்கும். ஒவ்வொரு கிழமையும் ஏதாவது எழுதி அனுப்பும். கோபமென்றால் கோபமென்றே எழுதும். இனி அதை நான் மாற்றமாட்டேன்.

உம்முடைய,
இரத்தினம்மா