கம்பத்தடியில் ஒரு மூச்சு

பங்குனி, வெள்ளி இரவு. மன்னார்குடி.

எரிபொருள் தயாரிக்க இனிப்புச் சோளம் போட்டிருக்கும் வயலில் எங்கள் ஆய்வுக் கருவிக் கம்பம் நிற்கிறது. பயிர் எவ்வளவு கரியமிலவாயுவை இழுக்கிறது, வயலிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று இரவும் பகலும் பதிவு செய்கிறது. சில வாரங்களாக மாலையில் மட்டும் கரியமிலவாயு திடீரென்று ஏறி இறங்குகிறது. கருவிக் கோளாறு என்று நினைத்து இன்று போய்க் காத்திருந்தேன்.

வயலின் சொந்தக்காரர் ஜைனம்பு அம்மா வந்தார். கம்பத்தடி மேட்டில்தான் செல்போன் சிக்னல் கிடைக்கும். சவுதியில் இருந்த மகன் ரஃபீக்கோடு அங்கே நின்றுதான் பேசுவார். பொங்கல் முடிந்த சமயம் ரஃபீக் விபத்தில் இறந்துபோனான். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

இன்றும் போனைக் காதில் வைத்துக்கொண்டார். திரையில் வெளிச்சமே இல்லை.

"சாப்பிட்டியா தம்பி? வெயில்ல நிக்காத."

பதில் கேட்பதுபோல இடையில் நிறுத்தித் தலையாட்டினார்.

என்னைப் பார்த்துக் கூச்சப்படவில்லை. "இந்த மிஷினு மூச்சுக்காத்தக்கூட காட்டும்னு சொன்னீங்களே. நான் பேசறப்ப ஒரு ஆள் மூச்சுதான் காட்டுதா?"

"பார்த்துச் சொல்றேம்மா" என்றேன்.

ஒரு மூச்சா இரண்டா என்று எங்கள் கருவியால் பிரித்துச் சொல்ல முடியாது. ஆள் மூச்சு கலந்துவிட்டால் விதிப்படி அந்த நேரத்துப் பதிவுகளை நீக்கிவிட வேண்டும். கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றைக்கூட நீக்கவில்லை.

நாளை மாலை கேட்பார். இரண்டு என்று சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.